பாயான் லெப்பாஸ் வாயிற்கதவு: கணினித் தொழிலில் நம்மவர் வேலை தேடிய வரலாறு



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் இலட்சியம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுப்பது நம் பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். முன்பெல்லாம் மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் என்னும் மூன்றில் ஒன்றுதான் வரும். அண்மையில் என் வகுப்பில் ஏழு பேர் கணினித் துறையைத் தேர்ந்தெடுத்திருந்தனர். அவர்களுள் ஒரு மாணவன், பினாங்கில் உள்ள சில்லுத் தொழிற்சாலையில் பொறியியலாளராவேன் என்று எழுதியிருந்தான். "அந்த வேலைக்கு எப்படிப் போவாய்?" என்று வினவினேன். "விண்ணப்பம் செய்வேன், ஐயா" என்றான். அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்துப் பெற்றோர் சந்திப்பு நாளில் அவனுடைய பாட்டியைக் கண்டேன். பேச்சுவாக்கில், தாம் பாயான் லெப்பாஸில் பதினான்கு ஆண்டுகள் 'ஐசி' தொழிற்சாலையில் வேலை செய்ததாகக் கூறினார். பேரனுக்கு அது தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லையாம். "அது என்ன பெரிய வேலை, வாத்தியார் ஐயா? கம்பி ஒட்டுற வேலைதானே" என்றார்.

அந்தக் 'கம்பி ஒட்டுற வேலை' எப்படி வந்தது, யாருக்குக் கிடைத்தது, பிறகு ஏன் போயிற்று என்பதை எழுத வேண்டும் என்று அன்றே எண்ணினேன். இவ்வரலாறு நம் பாடநூல்களில் இரண்டு வரிக்குமேல் இல்லை. அவ்விரண்டு வரியிலும் நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றனவே தவிர, வேலை தேடிச் சென்றவர்கள் இல்லை.

வேலையில்லாத் தீவு

இன்று பினாங்கைப் பார்ப்பவர்களுக்கு 1960களின் பினாங்கைக் கற்பனை செய்வது கடினம். பிரான்சிஸ் லைட் காலந்தொட்டு அத்தீவு தீர்வையற்ற துறைமுகமாக இருந்து வந்தது. கப்பல்களும் கிடங்குகளும் அவற்றைச் சார்ந்த வாணிபமுமே அதன் பிழைப்பு. 1960களின் இறுதியில் அத்தகுதி பறிக்கப்பட்டது. துறைமுகம் வாடியது. வேலையில்லாதோர் விகிதம் சுமார் 15 விழுக்காடாக உயர்ந்தது. ஏழு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை என்று இதற்குப் பொருள்.

அதே காலத்தில் தீவுக்கு எதிரே, செபராங் பிறையிலும் கெடாவின் தென்பகுதியிலும் இருந்த இரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்களின் நிலை வேறு வகையில் மோசமாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துண்டாடலைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார் என்பதை அனைவரும் அறிவர். துண்டாடலோடு குடியுரிமைச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் பெற்றாக வேண்டும். சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு பால்மரம் வெட்டி வந்தவர்களுள் ஏறத்தாழ 60,000 பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர் என்று கணக்கிடப்படுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் அக்காள் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்தது அப்போதுதான். பின்னர்த் தொழிற்சாலை வேலை வந்தபோது நீல அட்டையா சிவப்பு அட்டையா என்பதே முதல் கேள்வியாகவும் இருந்தது.

1969இல் டாக்டர் லிம் சோங் இயூ பினாங்கு முதலமைச்சரானார். அவ்வாண்டே பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்களை அழைப்பதற்கு முன்பாக அக்கழகம் ஒரு சிறிய காரியம் செய்தது. 'பினாங்கு எலெக்ட்ரோனிக்ஸ்' என்னும் தொழிற்சாலையை 1970இல் தானே தொடங்கிற்று. இங்குள்ளவர்களாலும் மின்னணுப் பொருள்களைச் செய்ய முடியும் என்று வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. வேலை கேட்கப் போகும் ஆள் கையில் ஒரு மாதிரிப் பொருளைச் செய்து எடுத்துப் போவதைப் போன்றது இது. ஒரு மாநிலமே அப்படி வேலை தேடிற்று என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

1971இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் வட்டாரம் செயற்படத் தொடங்கியது. விமான நிலையத்துக்கு அருகே இருந்த நெல்வயல்கள்தாம் அவ்விடம். விமான நிலையம் அருகில் இருந்தது முக்கியமான காரணம். ஏனெனில் இத்தொழிலின் மூலப்பொருளும் முடிந்த பொருளும் கப்பலில் வருவதில்லை. ஒரு பெட்டிக்குள் அடங்கி வானூர்தியில் வந்து வானூர்தியில் போகின்றன. முதலில் வந்த எட்டு நிறுவனங்களைப் பினாங்கில் 'எட்டு சாமுராய்கள்' என்பர்: ஏஎம்டி, கிளாரியன், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, இன்டெல், லிட்ரோனிக்ஸ், நேஷனல் செமிகண்டக்டர், ராபர்ட் பாஷ். இன்டெல் நிறுவனம் 5 ஏக்கர் வயல் நிலத்தில் 16 இலட்சம் அமெரிக்க டாலர் செலவில் கட்டிய தொழிற்சாலை, அமெரிக்காவுக்கு வெளியே அது அமைத்த முதல் தொழிற்சாலையாகும். அது 1975இல் தீக்கிரையாகி மீண்டும் எழுப்பப்பட்டது.

கண்ணும் விரலும் கேட்ட வேலை

அங்கே என்ன வேலை நடந்தது? அக்காலக் கணினிகளின் நினைவகம், கடுகைவிடச் சிறிய காந்த வளையங்களால் ஆனது. ஒரு வளையம் ஒரேயொரு 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதை நினைவில் வைத்திருக்கும். ஆயிரக்கணக்கான வளையங்களில் மெல்லிய கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கையால் கோக்க வேண்டும். ஹியூலெட் பேக்கார்ட் தன் பினாங்குத் தொழிற்சாலையைத் தொடங்கியபோது முதலில் செய்யப்பட்டது இந்தக் கோக்கும் வேலையே. கோவிலுக்குச் சரம் தொடுத்துப் பழகிய பெண்களின் கைகள் கணினியின் நினைவகத்தைக் கோத்தன என்று சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை.

சில்லுத் தொழிற்சாலைகளில் நடந்ததுதான் அந்தப் பாட்டி சொன்ன கம்பி ஒட்டும் வேலை. அமெரிக்காவிலிருந்து வட்டத் தகடுகளாக வரும் சிலிக்கானைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு சில்லு. அதை ஓர் உலோகச் சட்டத்தில் ஒட்டி, சில்லின் விளிம்பிலுள்ள புள்ளிகளையும் சட்டத்தின் கால்களையும் தங்கக் கம்பியால் இணைக்க வேண்டும். அந்தக் கம்பி, தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே நாள் முழுதும் செய்யவேண்டிய வேலை அது. இணைத்தபின் மூடி, சோதித்து, பெட்டியிலிட்டு மீண்டும் வானூர்திக்கு அனுப்புவார்கள்.

இதற்குப் பெண்களே ஏற்றவர்கள் என்று முடிவு செய்யப்பட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக 1970களில் நம் அரசு வெளியிட்ட விளம்பர ஏடொன்று, கீழைநாட்டுப் பெண்ணின் சிறிய கைகளையும் அவற்றின் வேகத்தையும் ஒரு வளமாகவே எடுத்துக்காட்டியது. ஈயத்தையும் இரப்பரையும் விளம்பரம் செய்வதுபோல் பெண்களின் விரல்களையும் விளம்பரம் செய்திருக்கிறார்கள்! அதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு எழுந்த சினம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த விளம்பரத்தால்தான் என் அத்தைக்கு வேலை கிடைத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அத்தைக்கு வேலை கிடைத்த விதம்

என் அத்தை 1957இல் செபராங் பிறைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு புகுமுக வகுப்பில் ஓராண்டு, பின்னர் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று வரை. அக்கால எல்.சி.இ. தேர்வில் தேறியும் மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. ஈராண்டுகள் தாத்தாவோடு பால்வெட்டுக்குப் போனார்.

வேலை பற்றிய செய்தி எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்டேன். செய்தித்தாளில் பார்த்தீர்களா என்றும் கேட்டேன். சிரித்தார். அடுத்த தோட்டத்துப் பெண்ணொருத்தி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தாளாம். அவளை ஏற்றிச்செல்லும் பேருந்து ஓட்டுநர்தான், "இன்னும் ஆள் எடுக்கிறார்கள், அடையாள அட்டையோடு வரச் சொல்" என்று சொல்லி அனுப்பினார். ஆலை வாயிலில் 'ஜாவாத்தான் கோசோங்' என்னும் பலகை தொங்கியது. விண்ணப்பப் படிவம் ஒரே பக்கம். பிறகு கண் பரிசோதனை. அதன்பின் சிறு குச்சிகளைத் துளைகளில் செருகும் சோதனை. காலையில் போனவர் பிற்பகலில் வேலைக்காரியாகத் திரும்பினார். 1975ஆம் ஆண்டு அது.

அவருடைய தோழியொருத்தி அதே நாளில் அதே சோதனையில் தேறியும் திருப்பி அனுப்பப்பட்டாள். தந்தை குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டதால் அவளிடம் இருந்தது சிவப்பு அட்டை. "அவள் விரல் என்னுடையதைவிட வேகம்" என்று அத்தை இன்றும் சொல்வார்.

சம்பளம் பால்வெட்டைக் காட்டிலும் மிகுதி என்று சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. தொழிற்சாலையில் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே சம்பளம். என் பாட்டிக்கு அது பெரிய அதிசயமாக இருந்ததாம். மழைக்காலத்தில் கடையில் கடன் சொல்லாமல் சாமான் வாங்கியது அக்குடும்பத்தில் அதுவே முதல் முறை.

அப்போது பாலமில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு மேல் பேருந்து தோட்டத்துச் சாலையில் வந்து நிற்கும். பட்டர்வொர்த்தில் படகேறிக் கடலைக் கடந்து, பிறகு தீவின் மறுகோடிவரை போகவேண்டும். வேலை எட்டு மணிநேரமென்றால் வீட்டுக்கு வெளியே இருந்தது பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல். மூன்று வேளையும் மாறிமாறி வரும். பெண்கள் இரவில் வேலை செய்வதை 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தடுத்திருந்தபோதிலும் இத்தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இரவு வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றித் தோட்டத்தில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை. மலாய்க் கிராமங்களில் இவ்வாறு போன பெண்களுக்கு 'மினா காரான்' என்றே ஒரு கேலிப்பெயர் வைத்திருந்தார்கள். 'காரான்' என்றால் மின்சாரம். நம் லயங்களில் அதற்கெனத் தனிச்சொல் உண்டாகவில்லை. ஆனால் பார்வை ஒன்றுதான். அத்தைக்குத் திருமணம் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று என் தந்தையார் கூறுவார்.

சங்கம் உண்டா என்று கேட்கலாம். தோட்டத் தொழிலாளர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது. சில்லுத் தொழிலாளர்களுக்கு இல்லை. மின்சாரத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம் இவர்களைச் சேர்த்துக்கொள்ள முயன்றபோது, மின்சாரம் வேறு, மின்னணுவியல் வேறு என்று அனுமதி மறுக்கப்பட்டது. 1988இல் அரசு இறங்கி வந்து நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் சங்கங்களுக்கு இசைந்தது. வட்டார அளவிலான சங்கங்களுக்கு 2009இல்தான் வழி பிறந்தது.

1985

1985ஆம் ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இனிப் படகுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அதே ஆண்டில் உலகெங்கும் சில்லு விற்பனை சரிந்தது. மலேசியப் பொருளாதாரமும் சுருங்கியது. தொழிற்சாலைகள் ஆட்குறைப்பில் இறங்கின. அத்தையின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பட்டியலில் இருந்தது. அப்போது அவருக்கு வயது 28. பத்தாண்டு நுண்ணோக்கியில் பார்த்த கண்களுக்குக் கண்ணாடி வந்திருந்தது.

சந்தை சரிந்தது மட்டும் காரணமாக இருந்திருந்தால், சந்தை எழுந்ததும் அவ்வேலைகளெல்லாம் திரும்பியிருக்கும். தொழிற்சாலைகள் மீண்டன, பழைய அளவில் அவ்வேலை மீளவில்லை. இடைக்காலத்தில் தங்கக் கம்பியைத் தானே இணைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. முன்பு ஒரு பெண் ஒரு நுண்ணோக்கியின்முன் அமர்ந்தாள். இப்போது ஒருவரே பல இயந்திரங்களைக் கவனித்தார். இயந்திரம் நின்றால் சரிசெய்யத் தெரிந்தவர் வேண்டும். கண்ணும் விரலும் போதும் என்றிருந்த வாயிற்கதவு அப்போதுதான் மூடத் தொடங்கியது. எந்த அறிவிப்பும் இல்லாமல் அது மூடியது.

1980ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவரை ஆட்குறைப்புச் செய்தால் ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். பத்தாண்டுக்கு 200 நாள் சம்பளம். தாத்தா அதைக் கொண்டு நகை வாங்கச் சொன்னார், வயது போய்க்கொண்டிருந்தது. அத்தை மறுத்தார். எஸ்.பி.எம். முடித்துவிட்டு வேலையின்றி இருந்த தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, ஈப்போவிலுள்ள உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்க அனுப்பினார். கல்லூரிக் கட்டணம் பெரிதில்லை; தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றுக்கு அப்பணம் போயிற்று. "இயந்திரம் வந்துவிட்டது; இனி இயந்திரத்தைத் திறக்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலை" என்று அத்தை சொன்னாராம். எந்தப் பொருளாதார நிபுணரின் அறிக்கையையும் அவர் படித்ததில்லை. தம் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் இயந்திரம் வந்து நின்றதைப் பார்த்தவர், அவ்வளவுதான்.

விளம்பரம் ஆங்கிலத்தில் வந்தது

சித்தப்பா சான்றிதழோடு வெளிவந்தபோது வேலை தேடும் முறையே மாறியிருந்தது. பேருந்து ஓட்டுநரிடம் சொல்லி வைத்தால் கிடைக்கும் வேலையன்று அது. தொழில்நுட்பர் வேலைக்கான விளம்பரங்கள் ஆங்கில நாளிதழ்களில் வந்தன. குறிப்பாக 1971இல் பினாங்கிலேயே தொடங்கப்பெற்ற 'தி ஸ்டார்' நாளிதழில். எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒரே நாளிதழ் 'தமிழ் நேசன்'. அதுவும் கிராணி வீட்டுக்கு வந்து, பிறகு முடிதிருத்தும் கடைக்குப் போகும். சித்தப்பா வாரந்தோறும் மிதிவண்டியில் நிபோங் திபால் சென்று, காப்பிக் கடையொன்றில் காப்பி வாங்கிக்கொண்டு அங்கிருந்த ஸ்டார் இதழின் விளம்பரப் பக்கங்களைக் கையேட்டில் எழுதி வருவாராம். தன்விவரக் குறிப்பு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஒருவருமில்லை. பள்ளி விடுகைச் சான்றிதழைப் பார்த்து அதே வரிசையில் எழுதி, நகரத்தில் தட்டச்சு செய்யக் கொடுத்தார்.

பதினேழு விண்ணப்பங்கள் அனுப்பினார். இரண்டு நேர்முகத் தேர்வுகள் வந்தன. முதல் தேர்வில் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி புரிந்தும் விடை சொல்ல வரவில்லை. இரண்டாவதில், நின்றுபோன இயந்திரமொன்றைக் காட்டி என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். கையால் காட்டிவிட்டார். வேலை கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கூறியாக வேண்டும். நம்மவர் இத்தொழிலில் பின்தங்கியதற்கு அறிவுக் குறைவோ உழைப்புக் குறைவோ காரணமன்று. செய்தி பிந்தி வந்ததே பெருங்காரணம் என்பது என் துணிபு. ஒவ்வொரு முறையும் கதவின் படி ஒன்று உயர்ந்தது. உயர்ந்துவிட்டது என்ற செய்தி நகரத்தில் அன்றே தெரிந்தது. தோட்டத்தில் சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. படிவம் மூன்று போதும் என்று பெண்ணை நிறுத்தியவர்கள், எஸ்.பி.எம். கேட்கப்பட்டபோது திகைத்தனர். எஸ்.பி.எம். போதும் என்று நிறுத்தியவர்கள், பொலிடெக்னிக் கேட்கப்பட்டபோது திகைத்தனர். இன ஒதுக்கீடு பற்றியும் பலர் பேசுவர். புதிய பொருளாதாரக் கொள்கையின் தாக்கம் இருந்தது உண்மையே. ஆனால் விண்ணப்பமே போடாதவனை எந்த ஒதுக்கீடும் தடுக்கவில்லை.

செய்தியைக் கொண்டு சேர்த்தவர்களும் இருந்தனர். 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பல்கலைக்கழக வாயிலுக்கு இட்டுச்சென்றது. 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் நிறுவப்பட்டது. மாநில அரசும் தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகமும் கூடி அமைத்த அம்மையத்தின் சிறப்பு, தொழிற்சாலைக்கு நாளை என்ன தேவை என்பதைத் தொழிற்சாலைக்காரரே வந்து சொல்லிப் பாடம் அமைத்ததாகும். சித்தப்பா பிற்காலத்தில் தானியங்கிக் கட்டுப்பாடு பற்றிய பயிற்சியை அங்குதான் பெற்றார்.

மென்பொருளும் பால்மரக் காடும்

வன்பொருளின் கதை பினாங்கு என்றால், மென்பொருளின் கதை சிலாங்கூரில் தொடங்குகிறது. 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1997இல் சைபர்ஜெயா நகரம் தொடக்கம் கண்டது. அந்நகருக்கு அடுத்தே எழுந்த புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டத்தின் மீது நிற்கிறது. முதல் உலகப் போரில் பங்கேற்ற ஆங்கிலேய வீரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. 'பிபி' என்ற எழுத்துகளோடு வரும் உயர்ரக இரப்பர்க் கன்றுகளின் பெயர் அத்தோட்டத்தின் பெயர்ச் சுருக்கமே. அங்கும் அருகிலுள்ள காலவே, மேடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அவ்வீடுகளின் சுவர்கள் வெடித்ததும், தனி வீடு கேட்டு அவர்கள் நீண்ட காலம் போராடியதும் செய்தித்தாள்களில் வந்தவை.

சைபர்ஜெயாவுக்கு வரும் நிறுவனங்களுக்கு அரசு அளித்த உறுதிமொழிகளுள் ஒன்று, உள்நாட்டு, வெளிநாட்டு அறிவுத்துறைப் பணியாளர்களைத் தடையின்றி அமர்த்திக்கொள்ளலாம் என்பதாகும். எனவே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மென்பொருளாளர்கள் வந்து இறங்கினர். டிங்கில் அடுக்குமாடியில் இருந்த தமிழ் இளைஞனுக்கும் சென்னையிலிருந்து வந்த தமிழ் இளைஞனுக்கும் இடையில் சில கிலோமீட்டர் தூரமே. ஒருவன் பாட்டனைக் கப்பலில் அழைத்துவந்தார்கள். மற்றவனை வானூர்தியில் அழைத்தார்கள். இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு பட்டச் சான்றிதழ்.

இதையும் முழு ஏமாற்றக் கதையாக எழுதுவது முறையாகாது. பல்லூடகப் பல்கலைக்கழகத்திலும் பிற கல்லூரிகளிலும் கற்றுவந்த நம் பிள்ளைகள் பலர் அங்கே இடம்பிடித்தனர். ஷெல், எச்எஸ்பிசி, டிஎச்எல் போன்ற நிறுவனங்கள் உலகெங்குமுள்ள தம் அலுவலகங்களுக்கான கணினிச் சேவையைச் சைபர்ஜெயாவிலிருந்து நடத்தத் தொடங்கியபோது, நிரல் எழுதுவோர் மட்டுமன்றிக் கணினி உதவி மேசையில் அமர்வோரும் தேவைப்பட்டனர். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழியில் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அது ஏற்ற வாயில்.

வேலைச் செய்தி பரவும் வழியும் இக்காலத்தில் மாறிற்று. 1997இல் மார்க் சாங் என்னும் மலேசியர் ஜாப்ஸ்ட்ரீட் என்ற இணைய வேலைத்தளத்தைத் தொடங்கினார். நிபோங் திபால் காப்பிக் கடைக்கு மிதிவண்டியில் போகும் தேவை ஒழிந்தது. கதவு எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியத் தொடங்கியது இந்நாட்டு வரலாற்றில் அப்போதுதான் என்பேன்.

இன்றைய கதவு

2001இல் இணைய நிறுவனங்களின் சரிவு பினாங்கையும் தாக்கியது. 2009இன் தொடக்கத்தில் இன்டெல் தன் பழைய பினாங்குப் பிரிவுகள் சிலவற்றை மூடுவதாக அறிவித்தது. 2021இன் இறுதியில் அதே இன்டெல் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. ஏற்றமும் இறக்கமும் இத்தொழிலின் இயல்பு. அத்தையின் 1985ஐ அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. 2024 மே மாதம் அரசு வெளியிட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகம், 60,000 உயர்திறன் பொறியியலாளர்களை உருவாக்குவதை இலக்காகக் கொண்டுள்ளது.

இயந்திர வரிசையில் நிற்கும் வேலைக்கு இப்போது பெரும்பாலும் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இளைஞர்கள் வருகின்றனர். அத்தை போன வாயில் அவர்களுக்குத் திறந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு உரிய வாயில்கள் வேறு. கணக்கிலும் அறிவியலிலும் சராசரியாக இருப்பவனுக்கும் தொழிற்கல்லூரி உண்டு. மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. பொலிடெக்னிக் பட்டயம் உண்டு. பட்டயத்திலிருந்து பட்டத்துக்குப் போகலாம். படிக்கும்போதே ஒரு தொழிற்சாலையில் சில மாதம் தொழிற்பயிற்சி பெற வேண்டும். அந்தப் பயிற்சியில் காட்டும் கைத்திறனைப் பார்த்தே பலரை நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, தொழிற்பயிற்சிக்கு இடம் தேடுவதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள் என்று சித்தப்பா கூறச் சொன்னார். அவர் இப்போது பணியோய்வின் வாயிலில் இருக்கிறார். நேர்முகத் தேர்வுகளில் கேள்வி கேட்கும் பக்கத்தில் பல ஆண்டுகளாக அமர்ந்தவர். நின்றுபோன இயந்திரத்தைக் காட்டிக் கேட்பதை அவர் இன்னும் விடவில்லையாம்.

இக்கட்டுரையை எழுதும்போது அத்தையின் பழைய வேலை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். படத்தில் இரட்டைச் சடையோடு, சிரிக்காமல் இருக்கிறார். அட்டையை அந்த மாணவனுக்கும் காட்டினேன். அன்று மாலையே அவன் தன் பாட்டியிடம் போய் அவருடைய அட்டை எங்கே என்று கேட்டிருக்கிறான். தோட்டத்திலிருந்து வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாம்.

1972 முதல் 1985 வரை பாயான் லெப்பாஸ், பிறை, சுங்கை வே வட்டாரங்களில் பணிபுரிந்த தமிழ்ப் பெண்மணிகளோ அவர்தம் பிள்ளைகளோ இதைப் படிக்க நேர்ந்தால், எந்தத் தோட்டத்திலிருந்து போனீர்கள், வேலையைப் பற்றி யார் சொன்னார்கள், என்ன சோதனை வைத்தார்கள் என்பதை நான்கு வரியிலாவது எனக்கு எழுதி அனுப்ப வேண்டுகிறேன். வேலை அட்டையோ சம்பளத் துண்டோ இருப்பின் அதன் படம் ஒன்றும் போதும். என் மாணவர்களுக்காக ஒரு தொகுப்பேடு தயாரித்து வருகிறேன். இப்போதைக்கு அதில் இரண்டு பக்கங்களே நிரம்பியுள்ளன.